புரியாத வார்த்தைக்கு எதுக்குங்க இவ்வளவு மரியாதை?

எங்க ஆர்.கே.பேட்டை பக்கம் இப்போ பள்ளிக்கூடப் பிள்ளைங்க கையில் புதுசா ஒரு நோட்டு. தினமும் பத்து இங்கிலீஷ் வார்த்தை. இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் அர்த்தம். சாதாரண வார்த்தை இல்லை, 'அட்வான்ஸ்டு வொக்காபுலரி'. வாரக் கடைசியில் டெஸ்ட். அடுத்த வாரம் கேட்டுப் பாருங்க, பத்தில் எட்டு காத்தோடு போயிருக்கும். தறி ஓட்டிச் சம்பாதித்த காசில் இதுக்குத் தனி டியூஷன் வேற.

குறை சொன்னா பட்டணத்து நண்பர்கள் சண்டைக்கு வருவீங்க. "அப்போ கிராமத்துப் பிள்ளை இங்கிலீஷ் படிக்கக் கூடாதா?" படிக்கணும், நல்லாவே படிக்கணும். எந்த வார்த்தையை, எதுக்காக, எப்படிச் சொல்லிக் கொடுக்கறீங்க என்பதில்தான் என் சண்டை. யாருக்கும் புரியாத வார்த்தையைச் சொல்கிறவன் அறிவாளி என்று ஒரு மூடநம்பிக்கை ஊர் முழுக்கப் பரவியிருக்கு. அதை உங்க பக்கத்திலிருந்துதான் நாங்க வாங்கிக்கிட்டோம்.

2017-ல் சசி தரூர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று ஒரு வார்த்தையைப் போட்டார். படித்தவங்க எல்லாம் அகராதியைத் தேடி ஓடினாங்க. பல நாள் அதே பேச்சு. அந்த வார்த்தைக்கு லத்தீனில் என்ன அர்த்தம் தெரியுமா? மாட்டுக்குப் போடற கலப்புத் தீவனம்! கண்டதையும் கலந்து வைத்த கலவை என்கிற அர்த்தம் அதிலிருந்து வந்ததுதான். தினமும் தொட்டியில் கலக்கறவனுக்கு இது ஒரு நிமிஷப் பாடம். நீங்க அதைக் கிரீடம் மாதிரி தலையில் வைத்துச் சுற்றறீங்க.

இது ஒன்று மட்டும் இல்லை. ஜுர வேகத்தில் பிதற்றறதை 'டெலிரியம்' என்கிறோம். 'லிரா' என்றால் லத்தீனில் ஏர் ஓட்டின சால். சால் தப்பிப் போறதுதான் டெலிரியம். 'செமினார்' என்று ஏசி ஹாலில் நடத்தறீங்களே, அதன் வேர் விதை விடற நாற்றங்கால். 'பிராட்காஸ்ட்' என்று ரேடியோவுக்குச் சொல்றதுக்கு முன்னாடி, கையால் விதையை வீசி விதைக்கறதுக்குத்தான் அந்தப் பேர். 'பெக்யூனியரி' என்றால் பணம் சம்பந்தப்பட்டது. அதன் வேர்ச்சொல்லுக்கு அர்த்தம் கால்நடை. பழைய தமிழிலும் மாடு என்றால் செல்வம்தானே? ரோமாபுரிக்காரனும் நம்ம பாட்டனும் ஒரே மாதிரிதான் யோசிச்சிருக்கான்.

இப்படிச் சொல்லிக் கொடுத்தா எங்க பிள்ளை ஜென்மத்துக்கும் மறக்காது. நிலத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வார்த்தையை மட்டும் மனப்பாடம் பண்ணச் சொன்னா எப்படி நிற்கும்? வேர் இல்லாத நாற்று ரெண்டு நாளில் காயும்.

எங்க பிள்ளைங்களுக்கு மொழி ஒன்றும் புதுசில்லை. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரலில்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. இன்னைக்கும் பல வீடுகளில் உள்ளே தெலுங்கு, வாசலைத் தாண்டினா தமிழ். வேர்க்கடலைக் கொல்லையைக் குடைந்து நாசம் பண்ணற பெருச்சாளியைத் தெலுங்கில் 'பந்திகொக்கு' என்பாங்க. பன்றி எலி என்று பொருள். வெள்ளைக்காரன் அதை வாங்கித்தான் 'பேண்டிகூட்' என்று அகராதியில் போட்டுக்கிட்டான். எங்க ஊர் எலியே அங்கே ஏறியிருக்கும்போது, எங்க பிள்ளை ஏன் அகராதியைப் பார்த்துப் பயப்படணும்?

அடுத்து, எந்த வார்த்தை என்கிற கேள்வி. இதில்தான் எனக்கு வயிறு எரியுது.

எனக்குத் தெரிந்த ஒருத்தர் டிராக்டர் கடனைக் கடைசித் தவணை வரை கட்டி முடிச்சார். நாலு வருஷம் கழித்து வண்டியை விற்கப் போனா, ஆர்.சி.யில் 'ஹைப்பாதிகேஷன்' அப்படியே நிற்குது. வண்டி கடனுக்கு ஈடாக இருக்கு என்று அர்த்தம். கடன் முடிந்தா அது தானா போயிடாது. கடன் கொடுத்தவங்ககிட்ட தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35-ஐ நிரப்பி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்துத்தான் நீக்கணும். இதைச் சொல்ல ஆளில்லாமல் மாசக்கணக்கில் அலைந்தார், வந்த கிராக்கியும் போச்சு. அவர் மகன் காலேஜ் படிக்கறான். 'யுபிக்விட்டஸ்' என்றால் எங்கும் நிறைந்தது என்று டக்கென்று சொல்வான். சொந்த வீட்டு ஆர்.சி.யில் இருந்த வார்த்தை அவனுக்கும் தெரியலை.

ஜாமீன் கையெழுத்து இதைவிட மோசம். "சும்மா ஒரு கையெழுத்து மாமா" என்று நீட்டுவாங்க. 1872-ல் போட்ட ஒப்பந்தச் சட்டம், ஜாமீன்தாரரோட பொறுப்பு 'கோ-எக்ஸ்டென்சிவ்' என்கிறது. ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதாத வரைக்கும், கடன் வாங்கினவன் எவ்வளவு கட்டணுமோ அவ்வளவும் உன் தலையிலும் இருக்கு என்று அர்த்தம். கடன்காரனை விட்டுட்டு நேரா உன் வீட்டுக்கே வரலாம். இந்த ஒரு வார்த்தை தெரியாமல் நிலத்தை விற்ற குடும்பம் உண்டு. எந்த நோட்டில் இருக்கு இது? 'லீன்', 'இன்டெம்னிட்டி', 'வேவர்' எல்லாம் எந்த டெஸ்டில் வருது?

"இன்டர்வியூவுக்குப் பெரிய வார்த்தை வேணுமே" என்பீங்க. அமெரிக்காவுக்கு இங்கிலீஷ் தாய்மொழி. அங்கேயே 2010-ல் ஒரு சட்டம் போட்டாங்க, மத்திய அரசு அலுவலகங்கள் ஜனங்களுக்குப் புரியற மாதிரி எளிமையா எழுதணும் என்று. நம்ம ரிசர்வ் வங்கியும் 2024-ல், தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்கறவருக்குப் புரியற மொழியில் தரணும் என்று சொல்லியிருக்கு. நீங்க கடன் வாங்கும்போது அதைத் தமிழில் கேட்டிருக்கீங்களா? புரியலை என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தை வளர்க்கறதும் இந்தப் பத்து வார்த்தை நோட்டுதான். தெரியாதவனை மட்டம் தட்டறதுக்கு வார்த்தை கற்ற பிள்ளை, தனக்குத் தெரியாதபோது வாயைத் திறக்குமா?

ஒரு காரியம் பண்ணுங்க. உங்க வீட்டு பீரோவில் இருக்கற கடன் பத்திரத்தையோ இன்சூரன்ஸ் பாலிசியையோ எடுங்க. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அதிலிருந்து அஞ்சு வார்த்தைக்கு அர்த்தம் கேளுங்க. பிள்ளைக்கும் தெரியாமல் உங்களுக்கும் தெரியாமல் போச்சுன்னா அந்த நோட்டை மூடிவைங்க. இந்தப் பத்திரத்திலிருந்து பாடத்தை ஆரம்பிங்க.