வண்டிச் சூடும் வெயில் சூடும்: டூர் கிளம்பும் என் பிள்ளைகளுக்கு



கத்திரி வெயில் நெருங்குகிறது. கூடவே, புது வண்டியோடு நிற்கும் படங்களும் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிட்டன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் தவணை கட்டி 350 சிசி, 450 சிசி என்று பெரிய வண்டியாக வாங்கியிருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். உழைத்து வாங்கிய வண்டியில் நாலு ஊர் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "இஞ்சின் சூட்டுல தொடை வேகுது, என்ன பண்ணலாம்?" பதில் சொல்பவர்கள் இந்த ஆயிலை ஊற்று, அந்த உறையை மாட்டு என்கிறார்கள். என் கருத்து வேறு. இஞ்சின் சூட்டைப் பெரிதாகக் குறைக்க நம்மால் முடியாது. எந்த நேரத்தில் வண்டி எடுக்கிறோம், எந்த உடல்நிலையில் எடுக்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

காரணம் சொல்கிறேன். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மீதி முழுவதும் வெப்பமாகப் போகிறது. வகுப்பில் படித்த கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றும் ஞாபகம் இருக்கிறதா? மூன்று வழியிலும் அந்த வெப்பம் உங்கள் காலுக்கு வருகிறது.

1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, நம் பக்கத்துத் திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. அந்த வண்டி பிறந்தது குளிர் தேசமான இங்கிலாந்தில். சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருக்கும். ஓடும்போது காற்று பட்டு அவை ஆறும். வண்டி நின்றால் காற்றும் நின்றுவிடும், சூடு ஏறும். இன்றும் பல வண்டிகளில் இதே முறைதான்.

"எங்க வண்டி லிக்விட் கூலிங் சார்" என்பார்கள் சிலர். நல்லதுதான், ஆனால் அது காப்பாற்றுவது இஞ்சினை. ரேடியேட்டர் சூட்டை அழிப்பதில்லை, காற்றுக்கு மாற்றிவிடுகிறது. சிக்னலில் ஃபேன் சுற்றும்போது அந்த அனல் போகும் இடம் உங்கள் முழங்கால். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்காக சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிறது. அது சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே சூடு என்பது வண்டியின் குறை அல்ல, அதன் இயல்பு.

இஞ்சின் அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகத்தால் செய்தது. மனித உடம்பு அப்படியல்ல. கவலைப்பட வேண்டியது உடம்பைப் பற்றித்தான்.

நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடச் சூடாக இருந்தால், வேகமாகப் போனாலும் காற்று நம்மைக் குளிர்விக்காது, சூட்டைத்தான் ஏற்றும். அப்போது உடம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, வியர்வை ஆவியானால்தான் உடம்பு ஆறும். நம் மாவட்டத்தில் இதற்கு இரண்டு முகம் உண்டு. திருத்தணி, திருவள்ளூர் பக்கம் வறண்ட சூடு. வியர்வை வந்த உடனே காய்ந்துவிடும். "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று நினைப்பீர்கள், உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். பொன்னேரி பக்கம் கடல் ஈரம். வியர்வை வழியும், ஆனால் சீக்கிரம் காயாது, உடம்பும் ஆறாது.

இப்போது நான் அதிகம் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நைட் ஷிப்ட் முடித்து, காலை ஆறு மணிக்கு கேட்டை விட்டு வெளியே வந்து, தூங்காமல் அப்படியே நெல்லூர், திருப்பதி என்று கிளம்புகிறீர்கள். உருக்காலையிலும் ரோலிங் மில்லிலும் வேலை செய்பவர்களுக்கு எட்டு மணி நேரம் உலைச் சூட்டில் உடம்பு ஏற்கெனவே காய்ந்திருக்கும். அதன்மேல் இஞ்சின் சூடு, அதன்மேல் மே மாத வெயில். போகும்போது தெரியாது. பகல் பன்னிரண்டு மணிக்குத் தேசிய நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, கண் சொருகும்போதுதான் தெரியும். அந்த ஒரு நொடிக்கு எந்த ஆயிலும் உதவாது.

எனவே வாத்தியாராக நான் சொல்லும் விதிகள் கொஞ்சம்தான்.

நைட் ஷிப்ட் முடித்த அன்று டூர் வேண்டாம். ஒரு ராத்திரி தூங்கி, மறுநாள் விடியற்காலை நான்கரை, ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். பத்திலிருந்து நாலு வரை நிழலில் இருங்கள். கோயில் மண்டபம், புளியமரம், லாட்ஜ், எதுவானாலும் சரி.

சூடு என்று ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைக்காதீர்கள். அரைக்கை பனியனும் வேண்டாம். வெயிலில் வேலை செய்யும் நம் விவசாயி தலைக்கு முண்டாசு கட்டி, முழுக்கைச் சட்டை போடுவதைப் பாருங்கள். காற்று புகும் வலைத்துணி ஜாக்கெட், உள்ளே நனைத்த பருத்தி பனியன், கனமான முழு பேன்ட், கணுக்காலை மூடும் ஷூ. இவை வெயிலையும் தடுக்கும், இஞ்சின் சூட்டையும் தடுக்கும், விழுந்தால் தோலையும் காக்கும்.

நெரிசலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டுமென்றால் இஞ்சினை அணையுங்கள். சூடான இஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆயில் அளவும் கூலன்ட் அளவும் கிளம்புவதற்கு முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

முக்கால் மணிக்கு ஒரு முறை நில்லுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர், உப்புப் போட்ட மோர், இளநீர், வழியில் நுங்கு கிடைத்தால் நுங்கு. பீர் தாகத்தைத் தீர்க்காது. தலைவலி, வாந்தி உணர்வு, தசைப்பிடிப்பு வந்தால் பயணம் அன்றைக்கு முடிந்தது என்று அர்த்தம். கூட வருபவன் பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, உடனே 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள்.

பின்னால் மனைவியோ பிள்ளையோ உட்கார்ந்தால், எந்தப் பக்கம் சைலன்சர் என்று சொல்லிக்கொடுங்கள். குழந்தை இறங்கும்போது கால் பட்டுவிட்டால், மை, பேஸ்ட், இட்லி மாவு எதையும் பூசாதீர்கள். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

"மே மாசந்தான் சார் லீவு, வேற எப்ப போறது?" என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது நியாயமான கேள்வி. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மே மாதத்தில் பகலை விட்டுவிட்டு அதிகாலையில் போங்கள் என்கிறேன். பிள்ளைகள் இல்லாதவர்கள் தை, மாசிக்கு மாற்றிக்கொள்ளலாமே.

எல்லாப் பாரத்தையும் ஓட்டுபவன் தலையில் வைப்பதும் சரியில்லை. சாலையை அகலப்படுத்தினால் மரத்தை வெட்டிவிடுகிறோம், திரும்ப வைப்பதில்லை. வெயில் காலத்தில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சில சிக்னல்களில் பச்சை நிழல்வலை கட்டினார்கள். இரண்டு மணி ஷிப்ட் விட்டு ஆயிரக்கணக்கான இரு சக்கர வண்டிகள் வெளியே வரும் சிப்காட் சந்திப்புகளிலும், லாரிகள் வரிசை கட்டும் தச்சூர் கூட்டுச்சாலையிலும் அதைக் கட்டலாம். தொழிற்சாலைகள் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூரையும் குடிதண்ணீரும் கொடுக்கலாம். எரியும் சீட்டில் உட்கார்ந்துதான் தொழிலாளி வீட்டுக்குப் போக வேண்டுமா? என் மாணவர்களில் சிலர் இன்று சூப்பர்வைசர்களாகவும் யூனியன் பொறுப்பிலும் இருக்கிறீர்கள். இதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

சூட்டைத் தாங்குவது வீரம் இல்லை, பிள்ளைகளே. எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன்தான் நல்ல ஓட்டுநர். இந்தக் கோடையில் யாராவது கிளம்பினால், போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். படம் அப்புறம் அனுப்பலாம்.

நைட் ஷிப்ட் பார்க்கும் நண்பர்களுக்கு இதைப் பகிருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்