பிழையைத் திருத்துங்கள், பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

சில மாதங்களுக்கு முன் உறவினர் இல்லமொன்றில் வலீமா விருந்து. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த பெரியவர் ஒருவர், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பெண்பிள்ளையை அருகழைத்து, எப்போது ஊருக்கு வந்தாய் என்று ஆங்கிலத்தில் வினவினார். அவளும் தயங்காமல், "எஸ்டர்டே ஐ டிட் கேம்" என்று விடையளித்தாள். அது பிழையான வாக்கியம்தான். ஆனால் அங்கிருந்தோர் அனைவரும் சிரித்துவிட்டனர். அவளுடைய காக்காமார் இருவரும் அன்று முழுவதும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தனர்.

அந்தப் பிள்ளை இலக்கணத் தேர்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் பெறுபவள் என்பதைப் பின்னர் அறிந்தேன். இறந்தகால வினைக்குரிய விதியைக் கேட்டால் நூலில் உள்ளபடியே ஒப்புவிப்பாள். ஆனால் அன்று முதல் அவள் எவரிடமும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

சகோதர சகோதரிகளே! இங்கே இரண்டு தவறுகள் நிகழ்ந்துள்ளன. விதியை மனப்பாடம் செய்வித்து, அதை நாவில் பழக்காமல் விட்டது முதல் தவறு. பழகாத நாக்கு இடறியபோது சிரித்தது இரண்டாவது தவறு. இவ்விரண்டையும் நம் இல்லங்களிலேயே நீக்கிவிட முடியும் என்பதே என் கருத்து. அதற்கான வழி நமக்குப் புதியதுமன்று.

நம் பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்கும் முறையை நினைத்துப் பாருங்கள். தஜ்வீத் விதிகளின் பெயர்களை முதலில் ஒப்புவிக்கச் சொல்லி எந்த உஸ்தாதும் தொடங்குவதில்லை. எழுத்து, கூட்டெழுத்து, சொல் என்று நாள்தோறும் சிறிது சிறிதாக ஓதச் செய்கிறார். பிள்ளை பிழையாக ஓதினால் அவ்விடத்திலேயே நிறுத்தி, சரியாக ஓதிக்காட்டி, மீண்டும் ஓதச் சொல்கிறார். விதியின் பெயரைப் பிள்ளை பின்னர்தான் அறிகிறது. அதற்குள் அந்த விதி நாவில் படிந்துவிடுகிறது. திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரட்டை நற்கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. திணறலைக் கண்ணியப்படுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், ஆங்கிலத்தில் திணறும் பிள்ளையை மட்டும் எள்ளி நகையாடுவது எவ்வகையில் பொருந்தும்?

தமிழ் பேசும் பிள்ளை ஆங்கிலத்தில் இடறும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே அறியத்தக்கவை. தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். 'வீட்டில்', 'வீட்டுக்கு', 'வீட்டிலிருந்து' என்று நாம் சொல்லின் பின்னே ஒட்டுவதை, ஆங்கிலத்தில் 'இன்', 'டு', 'ஃப்ரம்' எனத் தனிச்சொல்லாக முன்னே வைக்கவேண்டும். 'அவர் ஆசிரியர்' என்று தமிழில் இரண்டு சொற்களில் முடியும் வாக்கியத்துக்கு, ஆங்கிலத்தில் 'இஸ்', 'ஏ' என்னும் இரண்டு சொற்கள் கூடுதலாகத் தேவை. 'எனக்குத் தெரியும்' என்பதற்கு 'ஐ நோ' போதும். நாமோ 'ஐ ஆம் நோயிங்' என்கிறோம். இவை அறிவுக்குறைவால் வரும் பிழைகளல்ல. தாய்மொழியின் பழக்கத்தால் வருபவை. பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தாலேயே மாற்ற இயலும்.

நாளொன்றுக்கு 10 நிமிடம் போதும். ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "ஐ டிரிங்க் டீ." இப்போது தாய் 'வாப்பா' என்று சொல்ல, பிள்ளை "மை ஃபாதர் டிரிங்க்ஸ் டீ" என்று மாற்றவேண்டும். 'கேள்வி' என்றால், "டஸ் யுவர் ஃபாதர் டிரிங்க் டீ?" 'நேற்று' என்றால், "மை ஃபாதர் டிராங்க் டீ எஸ்டர்டே." 'நேற்று, கேள்வி' என்றால், "டிட் யுவர் ஃபாதர் டிரிங்க் டீ எஸ்டர்டே?" 'டஸ்' வந்ததும் வினையின் இறுதியிலிருந்த 'ஸ்' மறைவதையும், 'டிட்' வந்ததும் 'டிராங்க்' மீண்டும் 'டிரிங்க்' ஆவதையும் பிள்ளை தன் வாயாலேயே உணர்கிறது. வலீமா விருந்தில் அந்தப் பிள்ளை இடறியது சரியாக இந்த இடத்தில்தான். விதியை அவள் நூறுமுறை படித்திருக்கிறாள். இந்த மாற்றத்தை ஒருமுறையும் வாயால் செய்து பழகவில்லை.

அவளுடைய தாயிடம் இதைக் கூறியபோது, "எனக்கே இங்கிலீஷ் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?" என்று கேட்டார். நம் இல்லங்களில் பல தாய்மார்களின் கேள்வி இது. ஓரிரவில் ஒரேயொரு பிழையை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். இன்று 'ஸ்' என்னும் ஒலிக்கு மட்டும் காது கொடுப்போம்; அது விடுபட்டால் மேசையை ஒருமுறை தட்டுவோம்; பிள்ளையே திருத்திக்கொள்ளட்டும். விடைகளைப் பள்ளி நூலைப் பார்த்துப் பிள்ளையே முன்னதாக எழுதி வைக்கலாம். தாய்க்கு வேண்டியவை காதும் பொறுமையும் மட்டுமே. பிள்ளையுடன் சேர்ந்து தாயும் கற்றுக்கொள்வார் என்பது கூடுதல் பயன்.

அடுத்து விளையாட்டு. விளையாட்டு என்றாலே நேரம் வீணாகிறது என்று சில பெற்றோர் கருதுகின்றனர். ஒருவர் மனத்தில் ஒரு பொருளை நினைத்துக்கொள்ள, மற்றவர்கள் 20 கேள்விகளுக்குள் அதைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை எண்ணிப் பாருங்கள். "இஸ் இட் இன் திஸ் ரூம்?", "கேன் வீ ஈட் இட்?", "டஸ் உம்மா யூஸ் இட்?" என்று பிள்ளைகள் கால் மணி நேரத்தில் பல கேள்விகளைத் தாமாகவே அமைத்துவிடுகின்றனர். பயிற்சி ஏட்டில் அத்தனை கேள்விகளை எழுதச் சொன்னால் பாதியிலேயே சலித்துவிடுவர். வெல்லவேண்டும் என்ற ஆவல் அச்சத்தை மறக்கச் செய்கிறது. அச்சம் நீங்கிய நாக்குத்தான் மொழியைப் பழகும்.

சொல்வளத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று, எழுத்துக்கட்டைகளைக் கொண்டு சொல் அமைக்கும் 'ஸ்கிராபிள்'. 1930களில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், ஆங்கில நாளிதழ்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து இதனை வடிவமைத்தார். அதனால்தான் அதன் 100 கட்டைகளில் 'இ' எழுத்துக்கு 12 கட்டைகளும், 'க்யூ' எழுத்துக்கு ஒன்றே ஒன்றும் உள்ளன. விலை கொடுத்து வாங்க இயலாதோர் பழைய அட்டைப்பெட்டியை நறுக்கி எழுதிக்கொள்ளலாம்.

மற்றொன்று, சொல்லட்டைப் பெட்டி. ஒரு பெட்டியில் மூன்று அறைகள். புதிய சொல் முதல் அறையில். அதை நாள்தோறும் பார்க்கவேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறைக்குச் செல்லும். மூன்று நாள்களுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மீண்டும் சரியெனில் மூன்றாம் அறை. அதற்கு வாரம் ஒருமுறை. எந்த அறையில் தவறினாலும் அட்டை முதல் அறைக்கே திரும்பிவிடும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் நூலெழுதிப் பரப்பிய முறையின் எளிய வடிவம் இது. ஆனால் ஹிஃப்ளு மதரஸாவின் ஒழுங்கை அறிந்தவருக்கு இதில் வியப்பேதும் இராது. புதிய பாடம் ஒருபுறம், அண்மையில் மனனம் செய்தது ஒருபுறம், பழைய ஜுஸ்உக்கள் ஒருபுறம் என்று முறைவைத்துத் திரும்ப ஓதுவதும் இதே அடிப்படையில்தானே? அட்டையில் தனிச்சொல்லை எழுதாமல், அச்சொல் வரும் சிறு வாக்கியத்தை எழுதுங்கள். பொருள் மட்டும் தெரிந்த சொல் பேச்சில் உதவாது.

மக்தப் சென்று ஓதும் பிள்ளைகளுக்கு இன்னொரு பேறும் உண்டு. நாவின் நுனியை மேற்பற்களின் விளிம்பில் தொட்டு ஒலிக்கும் அரபு எழுத்துகளை அவர்கள் முன்பே பழகியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'திங்க்', 'திஸ்' ஆகிய சொற்களின் முதல் ஒலிகள் அவையே. 'ஃபா' என்னும் ஒலியும் அவர்களுக்குப் புதியதன்று. தமிழில் இல்லாத 'தி' என்னும் சுட்டுச்சொல்லை விளக்க, 'கிதாப்' என்பதற்கும் 'அல்-கிதாப்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினால் போதும்.

சிலர் இதற்காக வீட்டில் தமிழையே நிறுத்திவிட்டு, அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளைகளிடம் பேசத் தொடங்குகின்றனர். அது வேண்டாம். உம்மாவிடமும் நன்னியிடமும் மனம்விட்டுப் பேசத் தமிழ் இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு அந்த 10 நிமிடம் இருக்கட்டும். வேறு சிலர் கைபேசிச் செயலிகளிடம் பிள்ளையை ஒப்படைத்துவிடுகின்றனர். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவது வேறு, வாய்திறந்து வாக்கியம் அமைப்பது வேறு. எதிரில் ஒரு மனிதர் அமர்ந்து கேட்பதற்கு ஈடு இல்லை. நான் கூறும் விளையாட்டுகளில் பகடையும் இல்லை, பந்தயப் பொருளும் இல்லை. எனவே அதுபற்றிய தயக்கமும் வேண்டியதில்லை.

யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரை மாதத்தில் அவர் அதில் தேர்ந்து, அவர்களுக்குக் கடிதம் எழுதவும் அவர்களுடைய கடிதங்களைப் படித்துக்காட்டவும் தொடங்கினார் என்று திர்மிதியில் காண்கிறோம். கற்றதை உடனே பயன்படுத்தும் பணியும் அவருக்கு வாய்த்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகளுக்கு அத்தகைய வாய்ப்பைத்தான் நாம் தரவில்லை. நேர்முகத் தேர்வின் அறையில் அவர்கள் தலைகுனிந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றிரவு மஃரிப் தொழுகைக்குப் பின் கைபேசிகளை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிள்ளைகளுடன் அமருங்கள். முதல் வாக்கியத்தைத் தந்தையே சொல்லட்டும். பிழையாகவே இருந்தாலும் சொல்லட்டும். பிள்ளை திருத்தினால் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளட்டும். பிழை செய்வது இழிவன்று என்பதை, அதைக் கண்டே பிள்ளை கற்றுக்கொள்ளும். நம் மக்களின் நாவுகளில் உள்ள முடிச்சுகளை அல்லாஹ் அவிழ்த்து, பயனுள்ள கல்வியை வழங்குவானாக!