நின்றவரையும் பாராட்டுவோம்

ஜனவரி மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று, விடிவதற்கு வெகு நேரம் முன்பே, மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தின் முன்னே பெருங்கூட்டம் திரளுகிறது. முந்தைய வாரத்தில்தான் பொங்கலோ சங்கராந்தியோ கொண்டாடிய குடும்பங்களிலிருந்து, மார்பில் எண் அட்டை குத்திக்கொண்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு தொடங்கிய மும்பை மாரத்தான் இன்று நாட்டின் பெரிய ஓட்ட நிகழ்வுகளுள் ஒன்று. 42.195 கிலோமீட்டர் முழுவதையும் ஓடி முடிப்போரின் ஒளிப்படங்கள் மறுநாள் நாளிதழ்களை நிறைக்கின்றன. அந்தப் படங்களில் இடம்பெறாத ஒருவரைப் பற்றியும், அவரிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் நால்வர். மாட்டுங்காவில் அக்கம்பக்கத்தில் வசிப்பவர்கள். வெவ்வேறு அலுவலகங்களில் பணிபுரிபவர்கள். ஆறு மாத காலம் ஞாயிறுதோறும் விடியற்காலையில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பழகினோம். எங்களுள் மூத்தவர் அடுத்த சில மாதங்களில் பணி ஓய்வு பெறவிருந்தார். ஓய்வுக்கு முன் ஒரு முழு மாரத்தானை முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்களைச் சேர்த்து ஓடவைத்தவரும் அவரே. பயிற்சிக்கு ஒரு நாளும் தாமதமாக வராதவர். வராதவர்களின் வீட்டு மணியை அடிக்கவும் தயங்காதவர்.

மும்பையில் குளிர்காலமா என்று வெளியூர் நண்பர்கள் சிரிப்பதுண்டு. ஜனவரியின் அதிகாலையில் இங்கே வெப்பநிலை இருபது டிகிரிக்குக் கீழே இறங்கும். ஓடுவதற்கு அது இனிய பொழுது. ஆனால் அந்தக் குளிர் கதிரவனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட குளிர். அவன் வந்ததும் விலகிவிடும். பகலில் முப்பது டிகிரியைத் தொடும் வெயிலும், கடற்காற்றின் ஈரப்பதமும் சேரும்போது வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஆகவே, ஐந்து மணி நேரம் ஓடும் எங்களைப் போன்றோர் ஒரே நாளில் இரண்டு பருவங்களைக் கடக்கிறோம். வேகமாக ஓடும் வீரர்கள் குளிரிலேயே முடித்துவிடுகிறார்கள். மெதுவாக ஓடுபவர்களுக்கே வெயில் மிஞ்சுகிறது.

இந்த ஓட்டத்தின் பெயர்பெற்ற இடம் பெடர் ரோடு. டாக்டர் கோபால்ராவ் தேஷ்முக் மார்க் என்பது அதன் முறையான பெயர். ஹாஜி அலிக்கும் கெம்ப்ஸ் கார்னருக்கும் இடையே குன்றின் மேலேறி இறங்கும் சாலை அது. உதகையிலோ சிம்லாவிலோ வாழ்பவர்கள் அதை ஒரு மேடு என்றுகூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காரில் செல்பவர்களுக்கோ ஏறுகிறோம் என்ற நினைவே எழாது. எங்கள் ஆண்டின் பாதையில் அதை இருமுறை கடக்க வேண்டியிருந்தது. முதல்முறை, ஓட்டத்தின் முதல் கால்பகுதிக்குள்ளேயே, இருள் பிரியாத குளிரில். அப்போது பேசிக்கொண்டே ஏறினோம். இதற்கா இத்தனை பயமுறுத்தினார்கள் என்று எங்களில் ஒருவர் கேட்டது நினைவிருக்கிறது.

பிறகு வொர்லி. அதைத் தாண்டி, 2009-இல் திறக்கப்பட்ட பாந்த்ரா–வொர்லி கடற்பாலம். மற்ற நாள்களில் நடந்துசெல்ல அனுமதி இல்லாத அந்தப் பாலத்தின் மேல், இருபுறமும் கடல் விரிய, கிழக்கு வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு ஓடியது வாழ்நாளில் மறவாத காட்சி. அந்த மகிழ்ச்சியில் எங்கள் வேகமும் கூடிவிட்டது. பயிற்சியில் வகுத்திருந்த வேகத்தை மீறுகிறோம் என்று மூத்தவரே எச்சரித்தார். நன்றாகத்தானே இருக்கிறது என்று மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போனோம். நிதானமே பிரதானம் என்பதை அறியாதவர்கள் அல்லர் நாங்கள். அந்த நேரத்தில் அது எங்கள் நினைவில் இல்லை.

அதன் கணக்கு இரண்டாம் முறை பெடர் ரோட்டின் அடிவாரத்துக்கு வந்தபோது தீர்க்கப்பட்டது. அந்த இடம் ஏறத்தாழ முப்பத்தைந்தாவது கிலோமீட்டர். தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்துவைக்கப்பட்ட மாவுச்சத்து, முப்பது கிலோமீட்டருக்குப் பின் பலருக்கும் தீரத் தொடங்குகிறது என்பது மருத்துவம் அறிந்த செய்தி. ஓட்டக்காரர்கள் அதைச் சுவரில் மோதுவது என்பார்கள். எங்கள் சுவரோ சாய்ந்து, மேல்நோக்கி, வெயிலில் கிடந்தது. முன்பு பேசிக்கொண்டே ஏறிய அதே சாலையில் இப்போது ஒருவர் குரலும் எழவில்லை.

அந்தச் சாலையின் இருமருங்கிலும் வாழும் மக்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே செல்ல முடியாது. ஆரஞ்சுச் சுளைகள், பிஸ்கட், உப்பு, தண்ணீர் என்று தட்டுகளை ஏந்தி நிற்கிறார்கள். குழந்தைகள் கையை நீட்டி ஓடுபவர்களின் கையைத் தட்டுகிறார்கள். முன்பின் அறியாத மூதாட்டி ஒருவர் எங்களுக்கு எள்ளுருண்டை கொடுத்து, மராத்தியில் வாழ்த்தினார். இன்னும் கொஞ்சம்தான், நிற்காதீர்கள் என்ற குரல் எல்லா மொழிகளிலும் கேட்கிறது. அன்பிலிருந்து எழும் குரல் அது. ஆனால் எங்கள் மூத்தவருக்கு அன்று அது உதவவில்லை.

ஏற்றத்தின் தொடக்கத்தில் அவர் நின்றுவிட்டார். சுள்ளென்ற வெயிலில் தமக்குக் குளிர்கிறது என்றார். கைகளில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. எங்களில் ஒருவர், "இன்னும் ஏழு கிலோமீட்டர்தான் சார், வாங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். மற்றொருவர், இவ்வளவு தூரம் வந்து விடலாமா என்று கேட்டார். மூத்தவர் எங்களைச் சிறிது நேரம் பார்த்தார். "நீங்க போங்க. எனக்கு இன்னிக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, நடைபாதையோரம் இருந்த மருத்துவ உதவி மேசையை நோக்கி நடந்தார். எங்களில் ஒருவர் மட்டும் அவரோடு சென்றார். மற்ற இருவரும் ஓடினோம், பதக்கமும் பெற்றோம்.

உடல் வெப்பம் அளவுமீறத் தொடங்கியிருந்தது என்றும், தாமே நின்றது நல்லதாயிற்று என்றும் அங்கிருந்த மருத்துவர் சொன்னதை மாலையில்தான் அறிந்தோம். நிழலும், ஈரத்துணியும், ஓய்வும் போதுமானவையாக இருந்தன. அவர் மதியமே வீடு திரும்பிவிட்டார். ஆனால் நாங்கள் பிடித்து இழுத்தபடி அவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு எங்களை உறங்கவிடவில்லை. 2020-இல் இதே ஓட்டத்தில் பங்கேற்ற ஒருவரும், 2024-இல் இருவரும் உயிரிழந்தார்கள். அவை வேறு மனிதர்கள், வேறு காரணங்கள். என்றாலும், அச்செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நாங்கள் இழுத்த அந்த முழங்கை நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றும் எங்களை உறுத்தியது. திங்களன்று அவருடைய அலுவலகத்தில், முடித்தீர்களா என்றே எல்லாரும் கேட்டார்கள். இல்லை என்றதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பதக்கம் பெற்ற எங்களுக்கோ இனிப்பும் கைகுலுக்கலும் கிடைத்தன. எங்கள் நால்வருள் அன்று சரியான முடிவெடுத்தவர் அவர் ஒருவரே. பாராட்டுப் பெறாதவரும் அவர் ஒருவரே.

நாம் முடிப்பதை மட்டுமே வெற்றியாகக் கொண்டாடுகிறோம். அதனால், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பவருக்கு வெட்கத்தைப் பரிசளிக்கிறோம். வெட்கத்துக்கு அஞ்சி ஓடுபவர், தம் உடல் சொல்வதைக் கேட்பதில்லை. திருக்குறளில் வலியறிதலுக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தன் வலிமையின் எல்லையை அறிவதையும் ஆற்றலாகவே கருதிய மரபு நம்முடையது. கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பார்த்த பிறகே காசோலை எழுதுகிறோம். உடலின் இருப்பைப் பாராமல் ஓடுவதை மட்டும் வீரம் என்று அழைப்பது முறையாகுமா?

குன்றுள்ள மாரத்தான் என்றதும் உலகெங்கும் ஓட்டக்காரர்கள் நினைப்பது அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை. பெடர் ரோட்டைப் போலவே அங்கும் முப்பது கிலோமீட்டருக்குப் பின் ஓர் ஏற்றம் காத்திருக்கிறது. 1936-இல் ஜானி கெல்லி என்ற வீரர், முன்னே சென்ற எல்லிசன் பிரவுனை அங்கே எட்டிப்பிடித்து, தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலால் சிலிர்த்தெழுந்த பிரவுன் பாய்ந்து சென்று வென்றார். கெல்லி ஐந்தாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். அந்த இடத்துக்கு மனமுடைக்கும் குன்று என்ற பொருளில் பெயரே அமைந்துவிட்டது. ஆயினும் கெல்லி ஓட்டத்தை விடவில்லை. பாஸ்டனில் இருமுறை வென்ற அவர், 1992-இல் தம் 84-ஆம் வயதில் கடைசியாக அங்கு முழு மாரத்தான் ஓடினார். மொத்தம் 61 முறை தொடங்கினார். 58 முறை முடித்தார். முடிக்காத அந்த மூன்றைக் காரணம் காட்டி அவரைக் குறைத்து மதிப்பிட்டவர் எவருமில்லை. அந்தக் குன்றின் அருகே இன்று அவருக்குச் சிலை நிற்கிறது.

சோர்ந்தவர் எல்லாரும் நின்றுவிட வேண்டும் என்பதல்ல எம் கருத்து. கால்வலியும் களைப்பும் மாரத்தானின் இயல்பு. அவற்றைப் பொறுத்துக்கொள்ளவே பயிற்சி. ஏற்றத்தில் ஓட முடியாவிட்டால் நடக்கலாம். நடப்பதில் இழுக்கு எதுவும் இல்லை. உச்சியைத் தாண்டியதும் கெம்ப்ஸ் கார்னர் நோக்கிய இறக்கத்தில் பாய்ந்தோடாமல் இருப்பதும் நல்லது. இறக்கமே தொடைத் தசைகளை அதிகம் நோகச் செய்யும். ஆனால் நெஞ்சில் வலி, தலைச்சுற்றல், வெயிலில் குளிர், பேச்சில் குழப்பம் ஆகியவை களைப்பல்ல. அவை எச்சரிக்கை. அங்கே மன உறுதிக்கு வேலையில்லை, மருத்துவருக்கே வேலை. தண்ணீரையும் அச்சத்தால் அளவின்றிக் குடிக்கக் கூடாது. மிகுதியான நீர் இரத்தத்தின் உப்பைக் குறைத்து, அதுவே ஆபத்தாக முடியும்.

இவற்றையெல்லாம் முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் சிந்திக்க இயலாது. ஆகவே நாங்கள் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஓட்டத்துக்கு முந்தைய நாள் மாலை கூடி அமர்ந்து, யாரிடம் எந்த அறிகுறி தெரிந்தாலும் உடனிருப்பவர் நிறுத்தலாம் என்றும், நிறுத்தப்பட்டவர் மறுத்துப் பேசக் கூடாது என்றும் ஒப்புக்கொள்கிறோம். நாற்பதைக் கடந்தவர்கள் பெயர் பதிவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுகிறோம். அலுவலகங்களுக்கும் ஓட்டக் குழுக்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. பாராட்டு விழா வைத்தால், தொடங்கியவர் அனைவரையும் மேடைக்கு அழையுங்கள். நின்றவர் ஏன் நின்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். அடுத்த ஆண்டு ஓடப்போகும் இளைஞருக்கு அது பதக்கக் கதையை விடப் பயன்படும்.

எங்கள் மூத்தவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் எங்கள் வீட்டு மணியை அடிக்கிறார். மாதம் ஒருமுறை ஹாஜி அலி வரை சென்று, பெடர் ரோட்டில் அவரோடு நாங்களும் ஏறி இறங்குகிறோம். பாதி தூரம் ஓடுகிறார், பாதி தூரம் நடக்கிறார். முழு மாரத்தானுக்கு மீண்டும் பெயர் கொடுப்பாரா என்று நாங்கள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

உங்கள் ஊரிலும் இந்தக் குளிர்காலத்தில் ஓர் ஓட்டம் நடக்கலாம். வீதியோரம் நின்று நீங்கள் கைதட்டலாம். தட்டுங்கள், ஓடுபவர்களுக்கு அது தேவை. ஆனால் நடைபாதையோரம் ஒருவர் தனியே நின்றுவிட்டதைக் கண்டால், ஓடுங்கள் என்று குரல் கொடுப்பதற்கு முன், அருகில் சென்று, நலமாக இருக்கிறீர்களா என்று கேளுங்கள். அவர் இல்லை என்றால், நிழலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.