பிறப்பால் வருவதன்று

சென்ற மாதம் ஒரு மாலை, ரயில்வே அலுவல் முடிந்து நாம் இல்லம் திரும்பியபோது, நம் மகள் பள்ளிப் பாடமான அக்கமகாதேவியின் கன்னட வசனத்தை ஓதிக்கொண்டிருந்தாள். நம் மல்லேஸ்வரத்திற்குப் பெயர் தந்த கோயிலில் உறையும் மல்லிகார்ஜுனரின் திருநாமமே, 'சென்ன' என்னும் அடைமொழியோடு அக்காவின் வசனங்களில் முத்திரையாக வருகிறது.

"இதுபோலத் தமிழில் உண்டா அப்பா?" என்றாள். "நம்மாழ்வார் இருக்கிறாரே!" என்றோம். "அப்படியானால் படித்துப் பொருள் சொல்லுங்கள்" என்றாள். திருவாய்மொழியை எடுத்தோம், பொருள் சொல்ல நா எழவில்லை. மெட்ரிகுலேஷனோடு நின்ற நம் படிப்பின்மீது பழியைப் போட்டுத் தப்பினோம்.

அவ்விரவு ஏ. கே. ராமானுஜன் நம் நினைவுக்கு வந்தார். 1929இல் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மாடியில் கணிதப் பேராசிரியரான தந்தையாரோடு ஆங்கிலம், கீழே தாயாரோடு தமிழ், வெளியே கன்னடம். நம்மவர் பலரின் இல்லநிலையும் ஏறக்குறைய இதுவேயன்றோ?

பிற்காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய அவர், பசவண்ணர், அக்கமகாதேவி முதலிய நால்வர் வசனங்களை 1973லும், நம்மாழ்வார் பாசுரங்களை 1981லும் ஆங்கிலத்தில் தந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். அக்கா பெண்ணாகவே நின்று இறைவனைக் கணவனென்கிறார். நம்மாழ்வாரோ ஆணாயிருந்தும் தலைவியாகிப் பிரிவாற்றாது வருந்துகிறார். இதற்கு வழி வகுத்தது சங்கத்தார் கண்ட அகத்திணை. அங்கே குறிஞ்சி வெறும் மலையன்று, கூடல். பாலை வெறும் சுரமன்று, பிரிவு. நிலமே நெஞ்சின் குறியீடாயிற்று. காதலரைப் பாடிய அம்மரபைக் கடவுளின்பால் திருப்பினர் ஆழ்வார்கள்.

இத்தகைய அறிஞரும் இளமையில் பழந்தமிழ் பயின்றவரல்லர். 1962இல், தம் முப்பத்துமூன்றாம் வயதில், பழந்தமிழ் இலக்கணத்தின் தொடக்கநூல் ஒன்றைத் தேடிச் சிகாகோ நூலகத்தின் நிலவறைக்குச் சென்றார். அங்கே உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை அவர் கைப்பட்டது. அதன் பயனாக 1967இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில நூல் வெளிவந்தது. 1993இல் அவர் மறைந்தார்.

தாய்மொழி தொட்டிலில் கிடைக்கிறது. அதன் செல்வமோ உழைப்பவர்க்கே கிடைக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையென்று குறைபடும் நாம், நமக்கு எவ்வளவு வரும் என்று என்றேனும் எண்ணினோமா? தமிழில் தேடும் ஆவலை நம் மகளுக்கு ஊட்டியது கன்னடப் பாடமே. அண்டை மொழியை நாம் ஏன் அஞ்சவேண்டும்?

இப்போது ஞாயிறுதோறும் அவள் ஒரு வசனம் படித்து நமக்கு விளக்குகிறாள். நாம் உரையின் துணையோடு ஒரு பாசுரம் படித்து அவளுக்கு விளக்குகிறோம். பலமுறை தடுமாறுகிறோம். ஆயினும் மகள்முன் மீண்டும் மாணாக்கராவதில் நமக்கு வெட்கமில்லை. அன்பர்கள் இல்லங்களிலும் இது நடக்கலாமே!