பாம்பு யாரைக் கடிக்கிறது?

கார்த்திகை மாதத்து மழை நாள். எங்கள் தெருவில் எனக்குப் பெரியம்மா முறை ஆகும் ஒருவர் கூரை வீட்டில் பாய் விரித்துப் படுத்திருந்தார். நள்ளிரவு தாண்டி, வயிறு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் கண்ணிமை இரண்டும் தானாகக் கீழே இறங்கின. பேச்சு குழறியது. உடம்பில் கடிவாய் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், "இது கட்டுவிரியன் வேலை, உடனே தூக்குங்கடா" என்றார்.

எங்கள் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் திரும்ப இடம் கிடையாது. பாதையில் முழங்கால் தண்ணீர் வேறு. இருசக்கர வண்டியில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு போனோம். முதலில் போன அரசு சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லை. "இங்க ஒண்ணும் பண்ண முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்கள். அடுத்து போன இடத்திலும் அதே பதில். மூன்றாவது இடத்தில்தான் மருந்து ஏறியது. அதற்குள் மூன்றரை மணி நேரம் போயிருந்தது. ஒன்பது நாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பெரியம்மா பிழைத்து வந்தார். சிகிச்சைக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் கூட இருந்தவர்களின் சாப்பாடு, ஆட்டோ, இழந்த கூலி எல்லாவற்றுக்கும் வட்டிக்கு வாங்கிய கடனை அந்த வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.

பாம்புக்குச் சாதி தெரியாது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பாம்பு இருக்கும் இடத்தில் யார் நிற்க வேண்டும், யார் படுக்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்து வைத்திருக்கிறது.

நம் திருவாரூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். நம் மாவட்டத்தில் 34 சதவீதம். தமிழ்நாட்டின் மாவட்டங்களில் இதுதான் அதிகம். மூன்று பேரில் ஒருவர் தலித். இவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத விவசாயக் கூலிகள். அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் களை எடுப்பதும், வரப்பு வெட்டுவதும், வைக்கோல் கட்டுவதும், பங்குனி வெயிலில் உளுந்து பிடுங்குவதும் இன்னும் கையாலும் வெறுங்காலாலும்தான் நடக்கின்றன. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். நெல் இருக்கும் இடத்துக்கு எலி வரும். அந்த வரப்பில் விடியற்காலை முதல் காலை வைப்பது நம் அக்காவும் அத்தையும்தான்.

வேலை முடிந்து வீடு திரும்பினாலும் ஆபத்து விடுவதில்லை. நம் குடியிருப்புகள் பலவும் வாய்க்கால் ஓரத்திலும் பள்ளத்திலும் இருப்பவை. வடகிழக்குப் பருவமழையில் வளைகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் பாம்புகள் மேட்டைத் தேடி வீட்டுக்குள் ஏறுகின்றன. கூரை வீடு, மண் சுவர், தரையில் பாய். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தூங்குகிறவர்களைக் கடிக்கும் பாம்பு. கடித்த இடத்தில் வலியோ தழும்போ பெரிதாக இருக்காது. கட்டிலில், கொசுவலைக்குள் படுப்பவருக்கு இந்த ஆபத்து வெகுவாகக் குறைவு. கழிப்பறை இல்லாமல் இருட்டில் வெளியே போகிற பெண்களுக்கு இன்னொரு ஆபத்து. தெருவிளக்கு ஊர்த் தெரு முனையோடு நின்றுவிடுகிறதே, அதுவும் சுகாதாரப் பிரச்சினைதான்.

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று நம் தாத்தாக்களைத் தடுத்து வைத்திருந்தார்கள். அதை நாம் மானப் பிரச்சினையாகத்தான் பேசி வந்திருக்கிறோம். அது மானப் பிரச்சினைதான், கூடவே உயிர்ப் பிரச்சினையும். தலைமுறை தலைமுறையாக வெறுங்காலோடு வரப்பில் நடந்து செத்தவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

கணக்கு என்றதும் இன்னொரு செய்தி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். 2011இல் வெளியான இன்னோர் ஆய்வு, இப்படி இறப்பவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே மருத்துவமனையில் இறக்கிறார்கள் என்று கண்டது. மற்றவர்கள் வயலிலும் வீட்டிலும் போகிற வழியிலும் இறக்கிறார்கள். மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் பார்க்கும் அரசுக்கு இந்தச் சாவுகள் தெரியாது. 2017இல்தான் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நோய் புறக்கணிக்கப்பட்டதற்குக் காரணம், அது தாக்கும் மக்கள் புறக்கணிக்கப்பட்டவர்கள் என்பதுதான்.

இந்த நிலையில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு, 2030க்குள் பாம்புக்கடிச் சாவுகளைப் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. அதாவது, காலரா போல, டெங்கு போல, இனி ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இதை வரவேற்கிறோம். எண்ணப்படாத சாவுக்கு நிதி ஒதுக்க மாட்டார்கள், மருந்தும் ஒதுக்க மாட்டார்கள்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. கடிபட்டவர் என்ன வேலை செய்தார், வயலிலா வீட்டிலா, எந்தக் குடியிருப்பு, கடித்ததிலிருந்து எத்தனை மணி நேரம் கழித்து மருந்து ஏறியது, இடையில் எத்தனை இடத்தில் திருப்பி அனுப்பப்பட்டார் என்பதையும் எழுதினால்தான் நோய் எங்கே இருக்கிறது என்று தெரியும். பெரியம்மாவைப் போன்றவர்களை முதலில் திருப்பி அனுப்பிய இரண்டு இடங்களின் கணக்கும் அதில் வர வேண்டும்.

ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்? மருந்து இல்லாமல் அல்ல பல நேரங்களில். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாம்புக்கடி மருந்து இருப்பு இருக்க வேண்டும் என்பது அரசின் நிலைப்பாடு. அந்த மருந்தால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். அதைச் சமாளிக்க அட்ரினலின் ஊசியும், பயிற்சி பெற்ற மருத்துவரும் பக்கத்தில் வேண்டும். இரவில் பல நிலையங்களில் செவிலியர் ஒருவர்தான் இருப்பார். பிரசவம் பார்ப்பதும் அவர்தான். தனியாக இருக்கும் அவருக்குப் பயம் வருவது இயல்பு. அந்தச் சகோதரியைக் குறை சொல்லிப் பயனில்லை. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று அளவு வைத்த அரசுதான், இரவு மருத்துவருக்கும் வழி செய்ய வேண்டும்.

கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தால் போதும். மருந்து தாமதமானால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரை போகிறது. அப்படிப் போனவர் மறுபடி நாற்றுக்கட்டுத் தூக்க முடியுமா? பாம்புக்கடி ஒரு நாள் விபத்தாக முடிவதில்லை. ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளிவிடுகிறது.

"படிக்காத ஜனங்கள், மந்திரிக்கப் போய்ச் சாகிறார்கள்" என்று பேசுபவர்களும் உண்டு. ஏன் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். மந்திரிப்பவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், நடுராத்திரியிலும் கதவைத் திறக்கிறார், மரியாதையாகப் பேசுகிறார். கடிக்கும் பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அவர்களெல்லாம் எப்படியும் பிழைப்பார்கள். பெயர் மந்திரத்துக்குப் போய்விடுகிறது. சுகாதார நிலையமும் அதேபோல் கதவைத் திறந்து, மரியாதையாகப் பேசி, மருந்து ஏற்றினால் மக்கள் தானாக அங்கே வருவார்கள்.

இன்னொரு உண்மையையும் மறக்கக் கூடாது. அந்த மருந்தைத் தயாரிக்க முதலில் பாம்பின் விஷம் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் விஷத் தேவையில் பெரும்பகுதியைத் தந்து வந்திருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் வெறுங்கையால் பிடிப்பவர்கள் இருளர் பழங்குடி மக்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாட்டுக்கே உயிர் கொடுக்கும் அந்தச் சமூகத்தில் பலர் இன்னும் சாதிச் சான்றுக்கும் மனைப்பட்டாவுக்கும் அலைகிறார்கள். விஷத்தை எடுப்பவர் ஒடுக்கப்பட்டவர். விஷம் ஏறுவதும் ஒடுக்கப்பட்டவருக்கே. நடுவில் மருந்து மட்டும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. ஒன்று, ஒவ்வொரு வட்டாரத்திலும் இரவும் மருத்துவர் இருக்கும், பாம்புக்கடிக்கு முதல் தவணை மருந்தைக் கட்டாயம் ஏற்றும் நிலையம் எது என்று அறிவித்து, அந்தப் பெயரை ஒவ்வொரு குடியிருப்பிலும் எழுதி வைக்க வேண்டும். இரண்டு, மேல் சிகிச்சைக்கு அனுப்பினால் கடித்த நேரம், கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதிய சீட்டோடு 108 வண்டியில்தான் அனுப்ப வேண்டும். மூன்று, ஆம்புலன்ஸ் வரும் அகலத்துக்குத் தெருச்சாலையும் தெருவிளக்கும் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதி இதற்குப் பயன்படட்டும். நான்கு, கலைஞரின் கனவு இல்லம் போன்ற வீட்டுத் திட்டங்களில் பட்டா இல்லை என்று நம் கூரை வீடுகளைத் தள்ளிவிடாமல், பட்டாவும் கொடுத்து வீடும் கொடுக்க வேண்டும். ஐந்து, களை எடுப்புக்கும் உளுந்து பிடுங்கவும் போகிறவர்களுக்கு முழங்கால் வரை காலணி, கையுறை, கைவிளக்கு. சேற்று நடவில் காலணி ஒத்துவராது என்பது தெரியும். மற்ற வேலைகளுக்கு ஒத்துவரும்.

இதைப் படிக்கும் மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. பிளேடால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. பாம்பைத் துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசையாமல் மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி, தைரியம் சொல்லி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாமல் வயிற்றுவலி வந்து இமை இறங்கினால், கடிவாய் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இதை உங்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் இன்று இரவே சொல்லுங்கள்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான்கு கேள்விகள் எழுதி, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருப்பு உள்ளது? கடந்த ஓராண்டில் எத்தனை பேர் கடிபட்டு வந்தார்கள்? எத்தனை பேருக்கு இங்கேயே மருந்து ஏற்றப்பட்டது? எத்தனை பேர் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள்? வரும் பதிலை அடுத்த கிராம சபையில் எழுந்து வாசியுங்கள், தீர்மானமாக்குங்கள்.

பெரியம்மா இப்போது மறுபடி களை எடுக்கப் போகிறார். வெறுங்காலோடுதான். அடுத்த கார்த்திகை மழைக்குள் அவர் வீட்டுத் தரைக்கு ஒரு கட்டிலும், தெருவுக்கு ஒரு விளக்கும், சுகாதார நிலையத்துக்கு இரவில் ஒரு மருத்துவரும் வந்தாக வேண்டும்.