கோலோவ்கின்: 20 தற்காப்புகளும் ஒரு தாமதமும்

கஸகஸ்தானின் கரகண்டாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த கெனாடி கோலோவ்கின், 2022 செப்டம்பர் தோல்விக்குப் பின் களமேறவில்லை. 45 போட்டிகளில் 42 வெற்றி, அவற்றில் 37 நாக் அவுட். இருந்தும் மிடில்வெயிட் பிரிவின் மாபெரும் வீரர்கள் வரிசையில் அவரைச் சேர்ப்பதா என்ற வாதம் ஓயவில்லை.

ரசிகர்கள் முதலில் எடுப்பது 2017 லாஸ் வேகஸ் போட்டியைத்தான். கோலோவ்கினே வென்றதாகப் பலரும் கருதிய அந்த ஆட்டத்தில், ஒரு புள்ளி நடுவர் 118-110 எனக் கனேலோ அல்வாரெஸுக்குக் கொடுத்தார். இன்னொருவர் கோலோவ்கினுக்கு, மூன்றாமவர் சமம். முடிவு சமநிலை. அந்த 118-ஐ நியாயப்படுத்துவது இன்றும் கடினம்.

எதிர்த்தரப்பிடமும் சரக்கு இருக்கிறது. பெர்னார்ட் ஹாப்கின்ஸின் சாதனைக்கு இணையாகச் சொல்லப்படும் 20 பட்டத் தற்காப்புகளில், தொடக்கத்தில் வந்தவை டபிள்யூபிஏ அமைப்பின் இரண்டாம் நிலைப் பட்டத்துக்கானவை. அப்போது அதன் 'சூப்பர்' சாம்பியன் பெலிக்ஸ் ஸ்டர்ம். இருவரும் மோதவே இல்லை.

ஆனால், எண்ணிக்கையைவிடக் காலமே கோலோவ்கினுக்குப் பெரிய எதிரி. 2016 மே மாதம், அவருடன் மோதுவதற்கான கெடு நெருங்கியபோது அல்வாரெஸ் டபிள்யூபிசி பட்டத்தையே துறந்தார். கெடு வைத்து நெருக்கக்கூடாது என்பது அவரது விளக்கம். கடைசியில் மோதியபோது அல்வாரெஸுக்கு வயது 27, கோலோவ்கினுக்கு 35.

கோலோவ்கினின் இரண்டு தோல்விகளும் அந்த ஒரு சமநிலையும் அதே அல்வாரெஸுடன் வந்தவை. மூன்றாவது மோதலின்போது கோலோவ்கினுக்கு 40 வயது.