வீட்டுத் தோட்டத்தில் நரி: விஷம் வைப்பது தீர்வாகுமா?

மும்பை: நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள் ஊரில். மான்கூர்டில் தரைத்தள வீட்டில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் அப்படித்தான் விழித்தார். முதல் ஷிப்டுக்குப் போக விடியற்காலை 4 மணிக்குக் கதவைத் திறந்தால், வாழைக்கன்றின் அடியில் நரி நிற்கிறது. வளர்த்த 5 கோழிகளில் 2 கோழிகளைக் காணோம். கீரைப் பாத்தி கிளறிக் கிடக்கிறது. அன்று மாலையே அவர் எலி மருந்து வாங்கி வந்துவிட்டார்.

அந்தப் பொட்டலம் பிரிக்கப்படவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

எங்கிருந்து வருகிறது?

மராத்திக்காரர்கள் 'கோல்ஹா' என்று சொல்லும் இந்த நரி, எங்கிருந்தோ வழிதவறி வந்தது அல்ல. தானே கடற்கழியின் ஓரம் உள்ள அலையாத்திக் காடுதான் அதன் வீடு. விக்ரோலி, டிராம்பே, அக்கரையில் நவி மும்பை என்று பல இடங்களிலும் அது உண்டு. நண்டு, மீன், எலி அதன் இரை. பகலில் புதரில் பதுங்கி, இருட்டிய பிறகு வெளியே வரும்.

அந்தக் காட்டில்தான் பல காலமாக மண்ணைக் கொட்டி மேடாக்கி வந்தார்கள். 2005-ம் ஆண்டு மும்பை உயர் நீதிமன்றம் அலையாத்திக் காடுகளை அழிக்கத் தடை விதித்தது. 2012-ல் வனத்துறையில் இதற்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்டது. ஆனால் அதற்கு முன்பே கழி ஓரம் வரை வீடுகள் வந்துவிட்டன.

இதில் நம்மவர் கதையும் உண்டு. 1976-ல் ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்தவர்களைச் சீத்தா கேம்புக்கு மாற்றினார்கள். அவர்களில் தமிழர்கள் பலர். கழி ஓரத்தில் இடம் கொடுத்தது அரசு. நரிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆனது நாம்.

இழுப்பது குப்பை

பக்கத்தில் இருப்பதால் மட்டும் நரி தோட்டத்துக்குள் வந்துவிடாது. வாசலில் கொட்டிய மீன் கழிவு, கோழி இறைச்சிக் கழிவு, நாய்க்கு வைத்த மிச்சச் சோறு ஆகியவைதாம் அதை அழைக்கின்றன. குப்பை இருக்கும் இடத்தில் எலி பெருகும். எலியைத் தேடி நரி வரும். 1927 முதல் நகரின் குப்பையைச் சுமந்த தேவனார் மேடு இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

எனவே ஒரு நரியைக் கொன்றால் தொல்லை தீராது. தீனி கிடக்கும் வரை அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். வைத்த விஷத்தைத் தெரு நாயும் தின்னும், பூனையும் தின்னும். தவழும் குழந்தையின் கையிலும் அது அகப்படும்.

சட்டமும் சும்மா விடாது. 2022-ல் திருத்தப்பட்ட காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் நரி முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம். மாதச் சம்பளக்காரனுக்கு வேலையே போய்விடும். இரண்டு கோழிக்கு இந்த விலையா?

அலட்சியமும் கூடாது

அதற்காக நரியைச் செல்லம் கொஞ்சவும் கூடாது. 2024-ல் செம்பூர்ப் பகுதியில் இறந்து கிடந்த 2 நரிகளுக்கு வெறிநோய் இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. இந்த நோய் நாயிலிருந்து நரிக்கும், நரியிலிருந்து நாய்க்கும் பரவும். முற்றினால் பிழைப்பது அரிது.

கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு தடவக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிடாமல் சொன்ன தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். சம்பளம் பிடிப்பார்களே என்று தள்ளிப்போட இது காய்ச்சல் அல்ல. பகலில் தள்ளாடித் திரியும் நரியைக் கண்டால் கிட்டே போகாமல், வனத்துறையின் 1926 எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

கோழிக்கூண்டுக்கு நெருக்கமான கம்பி வலை போட்டு, அடிப்பகுதியை ஒரு முழமாவது மண்ணில் புதைக்க வேண்டும். இருட்டும் முன் கோழிகளை அடைத்துவிட வேண்டும். குப்பையை மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். தோட்டத்துக்கு மீன் கழிவை உரமாக இடுவதை நிறுத்த வேண்டும். வளர்க்கும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி அவசியம்.

மீதி மாநகராட்சியின் வேலை. தெருக் குப்பையைத் தினமும் அள்ளுவதும், தெரு நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் தனி மனிதரால் ஆகாது. சொசைட்டியோ சங்கமோ சேர்ந்து வார்டு ஆபீசில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாய் வார்த்தைக்கு எந்த ஆபீசிலும் பைல் கிடையாது. குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்கு இது தெரியாததல்ல.

நண்பர் மருந்துப் பொட்டலத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கம்பி வலை வாங்கினார். இரவில் ஊளைச் சத்தம் இப்போதும் கேட்கிறதாம். மூன்று கோழிகளும் பத்திரமாக இருக்கின்றன.